இரைப்பையில் வேரிசஸ், இன்னும் ரத்தம் வரவில்லை: மாத்திரை போதுமா, இப்போதே பசை ஊசி போடணுமா?

மதுரைப்பெண்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 58 வயது. ஹெபடைடிஸ் பி-யால் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் வந்திருக்கிறது. டெனோஃபோவிர் சாப்பிட்டு வருகிறார், வைரஸ் இப்போது டெஸ்டில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. குடிப்பழக்கம் எப்போதுமே கிடையாது. வயிற்றில் நீர் கோக்கவில்லை, மஞ்சள் காமாலை இல்லை, அவர் பாட்டுக்குக் கடைக்குப் போய் வருகிறார். போன மாதம் எண்டோஸ்கோபி எடுத்ததில் உணவுக்குழாயில் சின்னதாகவும் இரைப்பையில் பெரிதாகவும் வேரிசஸ், அதாவது வீங்கிப்போன ரத்த நாளங்கள், இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ஜிஓவி 2, 12 மி.மீ., சிவப்புப் புள்ளி இல்லை என்று இருக்கிறது. இதுவரை வாந்தியிலோ மலத்திலோ ஒரு சொட்டு ரத்தம்கூட வந்ததில்லை.

முதலில் பார்த்த டாக்டர் கார்வெடிலால் 3.125 காலையும் இரவும் எழுதிக் கொடுத்து, அடுத்த முறை டோஸைக் கூட்டலாம் என்றார். சித்தப்பா விடாமல் சொன்னதால் ஒரு தனியார் மருத்துவமனைக்கும் போனோம். அங்கே ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே "இது எப்போ வேண்டுமானாலும் வெடிக்கும், நாளைக்கே அட்மிட் ஆகி, அந்த நாளத்தை அடைக்கும் பசை ஊசி போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, முன்பணம் கட்டும் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அப்பாவிடம் யாரும் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசவில்லை. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. இதற்கு நடுவில் தலைசுற்றுகிறது என்று மாத்திரையையும் அவராகவே நிறுத்திவிட்டார்.

யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை. இந்த நிலைமையைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சிவகாசி ராஜா:
தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம், ஊசியைப் போட்டுவிடுங்கள். எங்கள் அத்தைக்கு இதே மாதிரி இரைப்பையின் மேல்பக்க வேரிசஸ்தான். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்து உட்கார்ந்து வாஷ்பேசின் நிறைய ரத்தமாக வாந்தி எடுத்தார், கட்டி கட்டியாக. பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு ஓடினால் அங்கே ரப்பர் வளையம் போட்டு நாளத்தைக் கட்டும் பேண்டிங் மட்டும்தான் செய்வார்களாம், இந்த இடத்துக்கு அது ஆகாதாம். அங்கிருந்து ஆம்புலன்ஸ் பிடித்து பெரிய ஆஸ்பத்திரி போவதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. பிழைத்தார், ஆனால் அந்த ராத்திரியை நாங்கள் யாரும் மறக்க முடியாது. வரும் என்று தெரிந்துகொண்டே எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

ஈரல் டாக்டர்:
குடல், கல்லீரல் துறையில் வேலை செய்கிறேன். அப்பாவை நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது, ஆனால் எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் அவசரமானது. கார்வெடிலாலைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இன்றே முதல் டாக்டரைக் கூப்பிட்டுத் தலைசுற்றலைச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போட்டாரா என்று அப்பாவிடம் கேளுங்கள், இந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுத்தால் எழுந்து நிற்கும்போது பிரஷர் சரிவது நிறையவே குறையும். உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள். மேல் பிரஷர் 90-க்குக் கீழே போனால்தான் டோஸைக் குறைப்பது, நிறுத்துவது என்ற பேச்சு வரும்.

அடுத்தது, இரைப்பை வேரிசஸ் எல்லாம் ஒன்றல்ல. டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையில் டாக்டர் சரின் வகுத்துக் கொடுத்த பிரிவைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறோம். உணவுக்குழாயிலிருந்து இரைப்பையின் சின்ன வளைவு வழியாகக் கீழே இறங்கினால் ஜிஓவி 1. அதுதான் அதிகம் பேருக்கு இருக்கும், அதை உணவுக்குழாய் வேரிசஸ் மாதிரியே பார்த்துக்கொள்ளலாம். மேலே குவிந்த பகுதிக்கு, அதாவது ஃபண்டஸுக்குப் போனால் ஜிஓவி 2. உணவுக்குழாயில் எதுவும் இல்லாமல் ஃபண்டஸில் மட்டும் தனியாக இருந்தால் ஐஜிவி 1. பயப்பட வேண்டியவை கடைசி இரண்டும்தான். 1992-ல் அவர்கள் வெளியிட்ட 568 நோயாளிகளின் ஆய்வில் இரைப்பை வேரிசஸ் உணவுக்குழாய் வேரிசஸைவிடக் குறைவான பேருக்குத்தான் கசிந்தது, ஆனால் கசிந்தவர்களுக்கு ஏற்ற வேண்டியிருந்த ரத்தம் அதிகம். ராஜா அண்ணன் சொன்ன அந்த ராத்திரிக்குக் காரணம் அதுதான்.

"எப்போ வேண்டுமானாலும் வெடிக்கும்" என்பது பாதி உண்மை. ஜப்பானில் 1997-ல் வந்த ஆய்வில் ஃபண்டஸ் வேரிசஸ் இருந்தவர்களில் முதல் ஆண்டில் 16 சதவீதம், மூன்று ஆண்டில் 36, ஐந்து ஆண்டில் 44 சதவீதம் பேருக்கு ரத்தம் வந்தது. சின்ன எண்ணிக்கை இல்லைதான். ஆனால் அந்த அபாயம் எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கவில்லை. கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது, வேரிசஸ் எவ்வளவு பெரிது, மேலே சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்ற மூன்றையும் பொறுத்து ஏறி இறங்கியது. அப்பாவுக்கு இரண்டாவது மட்டும்தான் இருப்பது போலத் தெரிகிறது, அதுவும் 12 மி.மீ. நாளைக்கே அட்மிட் ஆக வேண்டிய நிலைமை இது இல்லை. அதே நேரம், விட்டுவிடக்கூடிய நிலைமையும் இல்லை.

தென்காசிக்காரன்:
டாக்டர், உங்களிடம் நேராகவே கேட்கிறேன். அம்மாவுக்கு இந்தப் பிரச்சினை வந்தபோது தேடிப் படித்தேன். 2011-ல் அதே டெல்லிக் குழு இதற்கென்றே ஒரு ஆய்வு செய்தது. பெரிய ஜிஓவி 2 அல்லது ஐஜிவி 1 இருந்து, ஒரு முறைகூட ரத்தம் வராதவர்கள் 89 பேர். குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து ஒரு பகுதிக்குப் பசை ஊசி, ஒரு பகுதிக்கு கார்வெடிலால் வகையைச் சேர்ந்த பீட்டா பிளாக்கர் மாத்திரை, மூன்றாவது பகுதிக்கு எதுவும் இல்லை. சுமார் 26 மாதம் பார்த்ததில் ரத்தம் வருவதற்கான வாய்ப்பு பசையில் 13 சதவீதம், மாத்திரையில் 28, ஒன்றும் தராதவர்களில் 45. இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எதற்கு மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள்? நூறு பேரில் 15 பேரைக் கூடுதலாகக் காப்பாற்றும் வழி இருந்தும் சொல்லாமல் விடுவது சரியா? என் அம்மாவுக்குப் பசை போட்டோம், நன்றாக இருக்கிறார்.

ஈரல் டாக்டர்:
நல்ல கேள்வி, எண்களும் சரி. அந்த ஆய்வை மதிக்கிறேன், இந்த விஷயத்தில் நம் கையில் இருக்கும் உருப்படியான ஆதாரமே அதுதான். ஆனால் அதையே முழுவதும் படிக்க வேண்டும்.

ஒரு பிரிவுக்கு முப்பது பேர், ஒரே மருத்துவமனை. உயிரோடு இருந்தவர்கள் கணக்கில் பசை 90 சதவீதம், மாத்திரை 83, ஒன்றும் தராதவர்கள் 72. பசைக்கும் ஒன்றும் தராததற்கும் நடுவே வித்தியாசம் நிற்கிறது, பசைக்கும் மாத்திரைக்கும் நடுவே அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்புறம் எனக்கு முக்கியமாகப் படுவது இது: பசை போட்டவர்களுக்கு போர்ட்டல் பிரஷர், அதாவது குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளத்தின் அழுத்தம், குறையவில்லை, கொஞ்சம் கூடவே செய்தது. மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் குறைந்தது. ரத்தக் கசிவு, வயிற்றில் நீர், மூளை மந்தம் எல்லாவற்றுக்கும் வேர் அந்தப் பிரஷர்தான். பசை ஒரு இடத்தை அடைக்கிறது, அதற்கு மேல் அது எதையும் செய்வதில்லை. 2019-ல் ஸ்பெயினில் 201 பேரிடம் செய்த பிரெடெஸ்கி ஆய்வில், பிரஷர் ஏறியிருந்தும் கல்லீரல் இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு பீட்டா பிளாக்கர் கொடுத்தபோது நிலைமை மோசமாவதோ இறப்பதோ 27 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. அதில் பெரும்பங்கு வயிற்றில் நீர் கோக்காமல் தடுத்ததால் வந்த லாபம். மதுரைப்பெண்ணின் அப்பா அந்த வகை ஆள்.

அதனால்தான் 2021-ல் போர்ட்டல் பிரஷர் நிபுணர்கள் கூடிய ஏழாவது பவேனோ கூட்டம் டெல்லி ஆய்வைக் குறிப்பிட்டுவிட்டு, இப்படிப்பட்டவர்களுக்கு பீட்டா பிளாக்கரையே முன்னால் வைத்தது. அதிலும் கார்வெடிலாலுக்கு முதலிடம். டெல்லி ஆய்வில் கொடுத்தது பழைய ப்ரோப்ரனோலால் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பசையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே ஆய்வு யாருக்கு அபாயம் அதிகம் என்றும் சொன்னது: 20 மி.மீ-க்கு மேல் உள்ள வேரிசஸ், கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் மெல்ட் ஸ்கோர் 17 அல்லது அதற்கு மேல், இரைப்பைச் சுவரே பிரஷரால் வீங்கிச் சிவந்திருப்பது. அப்படி ஒருவர் வந்து, அவருக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நான் பசையைப் பற்றிப் பேசுவேன். வீடு இதைச் செய்யும் மருத்துவமனையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி இருந்தால் அதையும் யோசிப்பேன். உங்கள் அம்மாவுக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, அவருக்கு அது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம்.

தென்காசிக்காரன்:
அம்மாவுக்கு 22 மி.மீ., ஐஜிவி 1. மேல் பிரஷர் எப்போதுமே 95 பக்கம்தான். ப்ரோப்ரனோலால் சின்ன டோஸிலேயே எழுந்து நிற்க முடியவில்லை. ஆக நீங்கள் சொல்லும் கணக்கில் அவர் பசைப் பக்கம்தான் வருகிறார். சரி, எல்லோருக்கும் ஒன்றையே சொல்ல முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நோயாளியிடம் இரண்டு வழியையும் சொல்லிவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஈரல் டாக்டர்:
அதில் நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

ஸ்கோப் ரூம் சிஸ்டர்:
நான் எண்டோஸ்கோபி அறையில் ஸ்டாஃப் நர்ஸ். பசை ஊசி என்று எல்லோரும் சாதாரண ஊசி மாதிரி பேசுகிறீர்கள், உள்ளே என்ன நடக்கும் என்று ஒரு முறை சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு முடிவு பண்ணுங்கள்.

மருந்து சயனோஅக்ரிலேட். ரத்தம் பட்ட நொடியில் கல்லாக இறுகிவிடும். அதனால் அறையில் எல்லோரும் கண்ணாடி போட்டுக்கொள்வோம், நோயாளி கண்ணையும் மூடிவிடுவோம், ஒரு துளி தெறித்தால் போதும். ஸ்கோப் குழாயில் முன்கூட்டியே எண்ணெய் விட்டுத் தயார் செய்வோம், இல்லாவிட்டால் பசை உள்ளே ஒட்டி லட்சக்கணக்கில் விலையுள்ள ஸ்கோப் வீணாகிவிடும். டாக்டர் ஊசியை வேரிசஸுக்குள் குத்தி "ஊத்து" என்றதும் நான் பசையைத் தள்ளுவேன், பின்னாலேயே காத்திருக்கும் டிஸ்டில்டு வாட்டரைத் தள்ளி ஊசிக்குள் மிச்சம் இருப்பதையும் உள்ளே அனுப்புவேன், உடனே ஊசியை இழுக்க வேண்டும். தாமதித்தால் ஊசி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மெதுவாகத் தள்ளினால் ஊசிக்குள் இறுகும், அளவு மீறினால் பசை ரத்தத்தோடு ஓடிவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஊசியை உள்ளே இழுத்துக்கொண்டு, அதன் மழுங்கிய முனையால் டாக்டர் வேரிசஸைத் தட்டிப் பார்ப்பார். கட்டியாக இருந்தால் முடிந்தது. மெத்தென்று இருந்தால் இன்னொரு முறை.

இதைத் தினமும் செய்யும் டீமுக்கும் எப்போதாவது செய்யும் டீமுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பசைத் துணுக்கு நுரையீரலுக்குப் போய் மூச்சுத் திணறல் வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் வரலாம். வாரங்கள் கழித்துப் பசைக்கட்டி இரைப்பைக்குள் உதிரும்போது புண்ணாகி ரத்தம் வரலாம். ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பசை உயிரைக் காப்பாற்றும், அதையும் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அங்கே இந்த அபாயங்கள் ஒரு பொருட்டே இல்லை. நன்றாக நடமாடும் மனிதருக்கு முன்னெச்சரிக்கையாகப் போடும்போது ஒவ்வொரு அபாயத்தையும் எடை போடத்தான் வேண்டும். நீங்கள் எந்த இடத்தில் போட்டாலும், மாதத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

யாழ் லண்டன்:
இங்கே இங்கிலாந்தில் என் அண்ணருக்கு இதே பிரச்சினை. 2015-ல் வந்த இங்கத்தைய வழிகாட்டியில், ரத்தம் வராத இரைப்பை வேரிசஸுக்கு ஆய்வுக்கு வெளியே பசை போடுவதைப் பரிந்துரைக்கவில்லை. பெரிய ஜிஓவி 2 இருந்து அபாயம் அதிகமானவர்களுக்கு, நோயாளியின் விருப்பத்தையும் கேட்டு பீட்டா பிளாக்கர் யோசிக்கலாம் என்று மட்டும் இருக்கிறது. கல்லீரலுக்குள் வழி போடும் டிப்ஸ் சிகிச்சையும் முதல் ரத்தம் வருவதற்கு முன்னால் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். தங்கச்சி, அப்பாவுக்கு சி.டி. எடுத்தாயிற்றா? அண்ணருக்கு அதை முதலில் செய்தார்கள்.

மதுரைப்பெண்:
சி.டி. எதுவும் எடுக்கவில்லை அண்ணா. அல்ட்ராசவுண்ட் மட்டும்தான். எதற்காக?

ஈரல் டாக்டர்:
நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள். ஃபண்டஸ் வேரிசஸ் இருந்தால் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ரொம்பவே உதவும். போர்ட்டல் நாளத்தில் ரத்தக்கட்டி இருக்கிறதா, கல்லீரலில் புற்றுக்கட்டி ஏதாவது வளர்கிறதா என்று தெரியும். ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு இரண்டாவது கேள்வி எப்போதுமே உண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் எடுப்பதை நிறுத்தாதீர்கள். உணவுக்குழாயில் ஒன்றும் இல்லாமல் ஃபண்டஸில் மட்டும் இருப்பவர்களுக்கு மண்ணீரல் நாளம் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கணைய அழற்சி வந்தவர்களுக்கு சிரோசிஸே இல்லாமல் அப்படி வரும், அதற்கு வைத்தியமே வேறு.

அப்புறம் இந்த வேரிசஸிலிருந்து ரத்தம் பெரும்பாலும் இடது சிறுநீரக நாளத்துக்கு ஒரு குறுக்கு வழி போட்டுக்கொண்டு வெளியேறும். அந்த ஷன்ட் எவ்வளவு பெரிது என்று சி.டி.யில் தெரிந்துவிடும். பெரிதாக இருந்தால் பசை ஓடிப்போகும் ஆபத்தும் பெரிது. ஜப்பானியர்கள் வளர்த்தெடுத்த பி.ஆர்.டி.ஓ. முறையில் அந்த ஷன்ட் வழியாகவே உள்ளே போய் அடைப்பார்கள். ரத்தம் வந்தவர்களுக்கு அருமையான வழி. ஆனால் அந்த வழியை அடைத்தால் பிரஷர் ஏறி உணவுக்குழாய் வேரிசஸ் பெருக்கலாம், வயிற்றில் நீர் கோக்கலாம். அதனால் ரத்தமே வராதவருக்கு வழக்கமாகச் செய்வதில்லை.

இயற்கை வழி:
இவ்வளவு ஆங்கில மருத்துவம் எதற்கு? தினமும் வெறும் வயிற்றில் சீந்தில் பொடியும் கீழாநெல்லியும் கொடுங்கள். கல்லீரல் புதுசாகிவிடும், வேரிசஸ் தானாகச் சுருங்கும்.

ஸ்கோப் ரூம் சிஸ்டர்:
தயவு செய்து இதைக் கேட்டுக் கொடுத்துவிடாதீர்கள். கொரோனா சமயத்தில் எதிர்ப்பு சக்தி என்று சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கனவே சிரோசிஸ் இருக்கும் கல்லீரலுக்கு இன்னொரு அடியைத் தாங்கும் தெம்பு இருக்காது. அப்பாவுக்குத் தரக்கூடாத இன்னொன்று, மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுரூஃபன் வகை மாத்திரைகள். வலி என்றால் பாராசிட்டமால், அதுவும் நாளைக்கு 2 கிராமுக்குள், டாக்டரிடம் கேட்டுவிட்டு.

சிவகாசி ராஜா:
டாக்டர் சொன்னதை முழுக்கப் படித்தேன். எங்கள் அத்தைக்கு வயிற்றில் நீரும் இருந்தது, மஞ்சள் காமாலையும் இருந்தது, மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. உங்கள் அப்பா நிலைமை வேறு என்று புரிகிறது. ஆனால் ஒன்று மட்டும் செய்யுங்கள் தங்கச்சி. உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் எந்த மருத்துவமனையில் ராத்திரியிலும் பசை ஊசி போடுவார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். 108-ல் ஏறும்போது எங்கே போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு அந்த நேரத்தில் அது தெரியவில்லை, அதில்தான் நேரம் போனது.

ஈரல் டாக்டர்:
ராஜா அண்ணன் சொல்வதை எழுதி வையுங்கள். எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வையுங்கள். ஜிஓவி 2 என்ற ஒரு வரி தெரிந்தால் ட்யூட்டி டாக்டர் பேண்டிங் போட முயன்று நேரத்தை வீணாக்க மாட்டார். மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போனாலும் அது ரத்தம்தான், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் அந்த மருத்துவமனையில் அது செல்லுமா என்றும் கேட்டு வையுங்கள்.

மதுரைப்பெண்:
எல்லோருக்கும் நன்றி. முதல் டாக்டரிடமே திரும்பப் போனோம். அப்பா மாத்திரையை விடியற்காலையில் வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார், அதுதான் தலைசுற்றலுக்குக் காரணம் போல. இப்போது சாப்பாட்டுக்கு அப்புறம் போடுகிறார், நின்று பார்த்தாலும் மேல் பிரஷர் 108 இருக்கிறது. டாக்டர் டோஸை 6.25 காலையும் இரவும் என்று கூட்டியிருக்கிறார், அதாவது நாளைக்கு 12.5 மி.கி., அதற்கு மேல் போக மாட்டோம் என்றார். சி.டி.யில் கட்டி எதுவும் இல்லை, போர்ட்டல் நாளம் திறந்திருக்கிறது, சிறுநீரகப் பக்கம் பெரிய ஷன்ட் இருக்கிறது. மெல்ட் ஸ்கோர் 9. பசையைப் பற்றி நானே கேட்டேன். இப்போது வேண்டாம், ஷன்ட் பெரிதாக இருப்பதால் நம் அவசரத்துக்குப் போடும் விஷயம் இல்லை, மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனாலோ அடுத்த எண்டோஸ்கோபியில் பெரிதாகியிருந்தாலோ மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்றார். அப்பாவிடமே படம் வரைந்து காட்டினார். அப்பா நான்கைந்து கேள்வி கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எனக்கும் தம்பிக்கும் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்து, இல்லையென்றால் தடுப்பூசி போடவும் எழுதிக் கொடுத்தார்.

கொங்குநாடு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் கணவருக்கும் ஜிஓவி 2 இருக்கிறது, ஆனால் சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா, இன்ஹேலர் இல்லாமல் முடியாது. அவருக்கும் இந்த மாத்திரை கொடுக்கலாமா?

ஈரல் டாக்டர்:
வேண்டாம் அம்மா. கார்வெடிலால், ப்ரோப்ரனோலால் இரண்டுமே ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். ஏற்கனவே யாராவது எழுதிக் கொடுத்திருந்தால், ஆஸ்துமா இருப்பதை இன்றே அந்த டாக்டருக்குச் சொல்லுங்கள். மாத்திரை வழி அடைபட்டவர்களுக்குத்தான் பசையைப் பற்றி நிஜமாக யோசிக்க வேண்டும், அதனால் வேரிசஸ் எத்தனை மி.மீ., சிவப்புப் புள்ளி இருக்கிறதா, மெல்ட் ஸ்கோர் எவ்வளவு, சி.டி. எடுத்தாயிற்றா என்ற நான்கையும் இங்கே போடுங்கள். சிரோசிஸ் எதனால் வந்தது என்பதையும் சொல்லுங்கள். குடியால் என்றால் அதை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.